தாளுக்கு இரண்டு பெயர்

மயிலாப்பூரில் ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டு அலைந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், தையல்காரர் வாயில் வரும் ‘நாளைக்கு’ வேறு, காலண்டரில் வரும் நாளை வேறு என்று. ‘நாளைக்கு வாங்கம்மா’ என்றால் இன்னும் கொக்கி வைக்கவில்லை. மறுநாளும் அதையே சொன்னால் துணியை வெட்டவே இல்லை. ‘சாயங்காலம் வாங்க, ரெடியா கீது’ என்று அடித்துச் சொன்னால், துணி எந்தப் பைக்குள் கிடக்கிறது என்பதே அவருக்கு மறந்து போயிற்று.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா இந்த வித்தையில் கரை கண்டவர். வயது ஐம்பத்தைந்து. முப்பது வருடமாக லேடீஸ் டெய்லர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. கடை வாசலில் வந்து நின்று கத்துகிறவர்களுக்கு ஒரே மணி நேரத்தில் ஜாக்கெட்டைத் தைத்து, சூடு ஆறாத இஸ்திரியோடு கையில் கொடுத்துவிடுவார். ‘அர்ஜென்ட் ஆர்டர் எடுக்கப்படும்’ என்று சிவப்பு எழுத்தில் போர்டே மாட்டியிருந்தார். அதனால் ஊருக்கு அவர் அர்ஜென்ட் பாய். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மனிதருக்கு அதில் ஏகப் பெருமை.

அந்தப் பெருமைக்கு அவர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மனைவி அஃப்சருன்னிசா ஒரு மணிக்குக் கொடுத்தனுப்பும் சோற்று டப்பாவை நாலு மணிக்குத் திறப்பார். ஒரு கையில் கவளம், இன்னொரு கையில் கத்தரி. ஒருநாள் சோற்றில் ஏதோ கடிபட்டது. கிராம்பு என்று நினைத்து மென்றார். பல்லின் ஓரம் உடைந்த பிறகுதான் அது பிரஸ் பட்டன் என்று தெரிந்தது. பக்கத்து டீக்கடை வெள்ளைத்துரை வைத்துவிட்டுப் போகும் டீயைச் சூடாகக் குடித்ததே கிடையாது. ஏடு படிந்த டீதான் டீ என்று முப்பது வருடம் வாழ்ந்துவிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு ஜாக்கெட் நிறுத்தியது. போன ஆவணியில் வர்ஷினியின் நிச்சயதார்த்தத்துக்காக வந்த ஜாக்கெட் அது.

வர்ஷினி நாலு வயதில் போட்ட முதல் பட்டுப்பாவாடை சட்டை பாஷா தைத்தது. பள்ளிக்கூட யூனிபார்ம், காலேஜ் சுடிதார், முதல் வேலைக்குப் போன அன்று கட்டிய புடவையின் ஜாக்கெட், எல்லாமே அவர் கை. தனக்குப் பெண் பிள்ளை இல்லாத குறையை இந்தப் பெண்ணின் அளவு மாறுவதைப் பார்த்தே அவர் தீர்த்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். அவளும் அவரை பாஷா மாமா என்றுதான் கூப்பிடுவாள். ‘உன் கல்யாண ஜாக்கெட்டு என்துதான்’ என்று அவள் ஆறாவது படிக்கும்போதே சொல்லி வைத்திருந்தார்.

நிச்சயதார்த்தப் புடவையோடு வந்த பச்சைப் பட்டுத் துணியை அவர் வெட்டிய அன்று மேஜைமேல் இன்னும் மூன்று அர்ஜென்ட் கிடந்தது. ஜாக்கெட் கைக்கான துணியை நல்ல பக்கம் உள்ளே போக மடித்து வெட்டினால் ஒன்று வலது, ஒன்று இடது. மடிக்காமல் ஒரே முகமாக அடுக்கி வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் உட்காரும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. அர்ஜென்ட் பாய் அன்று அடுக்கி வெட்டிவிட்டார். தைக்கும்போதும் கவனிக்கவில்லை.

போட்டுப் பார்த்த வர்ஷினி வலது கையைத் தூக்கினாள். பாதிக்கு மேல் கை எழும்பவில்லை. அக்குளில் பிடித்து இழுத்தது.

“மாமா, எனக்கு ரெண்டுமே இடது கையா வச்சுட்டேள்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. புடவையோடு வந்த துணியில் ஒட்டுப்போடக்கூட மிச்சம் கிடையாது.

அந்த அம்மாள் கத்தியிருந்தால் பாஷா தாங்கியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் ஜாக்கெட்டை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பரவாயில்லை பாய், கல்யாணத்துக்கு நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்” என்றார். இருபது வருடத்து உறவு அந்த ஒரு வாக்கியத்தில் படி இறங்கிப் போயிற்று. அன்று சோற்று டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் இங்கே போதும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஃப்சருன்னிசா, “அந்தத் துணி என்ன பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?” என்று கேட்டார்.

பாஷா யோசித்தார். ஞாபகம் வரவில்லை. தான் மகளாக நினைத்த பெண்ணின் நிச்சயதார்த்தத் துணி, கையால் தடவி, வெட்டி, தைத்த துணி, அதன் நிறம் கண்ணில் நிற்கவில்லை.

“நீங்க பாக்கவே இல்ல. முப்பது வருஷமா துணியையும் பாக்கல, சோத்தையும் பாக்கல, என்னையும் பாக்கல” என்றார் அஃப்சருன்னிசா. சண்டைக்குச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்தபடியே சொன்னார்.

மறுநாள் காலை பாஷா ஸ்டூல் போட்டு ஏறி, போர்டில் இருந்த சிவப்பு வரியின்மேல் பெயின்ட் அடித்தார். கடைக்குள் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டினார், தேதி கிழிக்கிற பெரிய தாள் காலண்டர். ஒரு தாளுக்கு இரண்டே பெயர் என்று வைத்துக்கொண்டார். துணி கொண்டுவருகிறவரின் பெயரை, முதலில் எந்தத் தாளில் இடம் இருக்கிறதோ அதில் எழுதுவார். அந்தத் தேதிதான் ஜாக்கெட் கைக்கு வரும் தேதி. அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. மேஜையில் ஒரு நேரத்துக்கு ஒரு துணி. மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எழுதுவதே இல்லை.

வெள்ளைத்துரைக்குத் தாங்கவில்லை. “இன்னா பாய், கவருமென்ட்டு ஆபீஸ் தொறந்துகிறியா? லன்ச் டைம் வேற. சீலு எப்ப வரும்?”

“வரும், நாளைக்கு” என்றார் பாஷா.

முதல் மாதம் நிஜமாகவே ஆட்டம் கண்டது. ‘பன்னெண்டு நாளா?’ என்று கேட்டுவிட்டுத் துணியைத் திருப்பி எடுத்துப் போனவர்கள் பாதிப்பேர். ஆனால் சொன்ன தேதியில் ஜாக்கெட் தயாராக மடித்து வைத்திருப்பது மயிலாப்பூரில் சாமானியப்பட்ட செய்தியா? இரண்டு பேர் நாலு பேரிடம் சொன்னார்கள். தாள்கள் மெல்ல நிரம்பின. இரண்டு வயிற்றுக்கு அது போதும்.

நடுவில் பாஷாவுக்கு என்னென்னவோ தெரியவந்தது. ரசத்தில் அஃப்சருன்னிசா பெருங்காயத்தைக் கடைசியில்தான் போடுகிறார், இறக்கிய கையோடு குடித்தால் தலை வரை ஏறுகிறது. பாத்திரம் கழுவும்போது அவர் ஏதோ ராகம் முனகுகிறார், நன்றாகவே முனகுகிறார். முப்பது வருடம் இதைக் கேட்காமல் இருந்த காதை என்ன சொல்வது! பின்மதியம் வெள்ளைத்துரையின் பெஞ்சில் உட்கார்ந்து நுரையோடு டீ குடித்தார். முதல் நாள் நாக்கைச் சுட்டுக்கொண்டார். அதுவும் பிடித்திருந்தது.

வேலைதான் எல்லாவற்றையும் விட. துணியை விரித்து முதலில் ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, கரை எங்கே உட்கார வேண்டும், இந்த அம்மாளுக்குத் தோள் ஒரு பக்கம் இறக்கமாயிற்றே. கை வெட்டியதும் உள்பக்கத்தில் சாக்கட்டியால் ஒன்றில் ‘வ’, ஒன்றில் ‘இ’ என்று எழுதுவார். மிஷினின் சத்தம்கூட இப்போது அவருக்கு நிம்மதியாகக் கேட்டது. ஐம்பத்தைந்து வயதில் அந்த மனிதருக்குத் தன் தொழில் பிடித்துப்போய்விட்டது. எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. வர்ஷினியின் கல்யாணம் தை மாதம். பத்திரிகை வந்தது. துணி வரவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தரைக்கு வர்ஷினி ஸ்கூட்டரைச் சந்தில் நிறுத்திவிட்டு வந்தாள். அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். கையில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுத் துணி.

“மத்ததெல்லாம் ஆழ்வார்பேட்டைல குடுத்து தச்சாச்சு மாமா. கூரைப்புடவை ஜாக்கெட் மட்டும் குடுக்கல. நீங்கதான் தைக்கணும்னு எடுத்து வச்சிண்டேன். அம்மாவ வழிக்குக் கொண்டுவரதுக்குள்ள இவ்ளோ நாளாயிடுத்து.”

பாஷா இரண்டு கையையும் நீட்டினார். துணியை வாங்கிக்கொண்டார். என்ன சிவப்பு என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு காலண்டரைப் புரட்டினார். திங்கள் இரண்டு பெயர். செவ்வாய் இரண்டு. புதன் இரண்டு. பதினாறாம் தேதி வரை தாளுக்கு இரண்டு பெயர்.

கை தன்னால் அளவு டேப்பைத் தேடிப் போனது. ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும். இரண்டோடு இது மூன்று, என்ன குடி முழுகிவிடும்? அப்படி நினைத்ததுமே அந்தப் பச்சைத் துணி கண்முன் வந்தது. அன்றைக்கும் ‘கூட ஒண்ணுதானே’ என்றுதான் அதை மேஜையில் போட்டார்.

“கூட ஒண்ணா இத்த நான் தைக்க மாட்டேம்மா” என்றார். “உன்னோட கல்யாண ஜாக்கெட்டு அது. அதுக்குன்னு ஒரு எடம் வோணும். தாள்ல எடம் இல்ல.”

வர்ஷினியின் முகம் விழுந்தது. அவளும் கிட்டே வந்து தாள்களைப் பார்த்தாள். “யாரையாவது கேட்டுப் பாக்கலாமா மாமா?”

“மத்தவங்கல்லாம் ஊருக்குக் கெளம்பறவங்க, தேதி மாத்த முடியாது. செவ்வாக்கெழம சொர்ணம்னு கீது பாரு, அது ஒண்ணுதான். நொச்சிக்குப்பத்துல மீன் விக்கறவங்க.” பாஷா அந்தப் பெயரை விரலால் தடவினார். “அவங்கள கேக்க எனக்கு வெக்கமா கீதும்மா. அர்ஜென்ட்டு அர்ஜென்ட்டுன்னு உங்களுக்கெல்லாம் தச்சேனே, ஒவ்வொரு தபாவும் யாரோ ஒருத்தர்த அடில தள்ளிட்டுதானே தச்சேன்? யார்த தள்ளுவேன்? கத்தாதவங்கள்த. சொர்ணம்மா கத்தவே மாட்டாங்க. பொங்கலுக்குக் குடுத்தா மாசி மகத்துக்குத்தான் குடுப்பேன். சரின்னு வாங்கிக்கினு போவாங்க.”

“அப்ப நான் கேக்கறேன், ஏறுங்கோ” என்றாள் வர்ஷினி.

ஐந்து நாளில் கழுத்தில் தாலி ஏறப்போகும் பெண் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி பாஷா உட்கார்ந்து போன காட்சியை வெள்ளைத்துரை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். “மெதுவாம்மா, மெதுவா” என்று பாஷா சாந்தோம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அவள் எங்கே கேட்டாள்.

நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார் சொர்ணம். அறுபதை நெருங்கும் வயது, வெற்றிலை போட்ட வாய். ஒருவருக்குச் சங்கரா மீனை நறுக்கிக் கொண்டிருந்தார். வர்ஷினி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“மூக்க உட்டுடும்மா, ரெண்டு நிமிசத்துல பழகிடும்” என்றார் சொர்ணம், தலை நிமிராமலே. “இன்னா பாய், கடைய உட்டுட்டு இந்தப் பக்கம்? செவ்வாக்கெழம தானே எனக்கு?”

பாஷா வந்த விஷயத்தைச் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமை கல்யாணம், தாளில் இடமில்லை, உங்கள் செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுப்பீர்களா, கொடுத்தால் உங்களுக்குப் பதினேழாம் தேதிதான். எதையும் மறைக்கவில்லை, குழையவும் இல்லை.

சொர்ணத்தின் கத்தி நின்றது. “என் பேத்தி நிலாவுக்கு ஞாயித்துக்கெழம காதுகுத்து. அதுக்குத்தான் பாய் அந்த ஜாக்கெட்டு.”

“அப்ப வேணாம் சொர்ணம்மா. அது உங்க நாளு. கேட்டேன், அவ்ளோதான்” என்றார் பாஷா. வர்ஷினியும், “வேண்டாம் பாட்டி, குழந்தைக்கு விசேஷம்” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துப்பட்டா மூக்கிலிருந்து எப்போது நழுவியதென்றே அவளுக்குத் தெரியாது. இருவரும் திரும்பி நாலடி நடந்தார்கள்.  அவள் ஆறாவது படிக்கையில் கொடுத்த வாக்கு இந்த மணலோடு போயிற்று என்று பாஷா நினைத்தார். ஆனாலும் பொய் சொல்லித் தள்ளவில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

“நில்லு பாய்” என்றார் சொர்ணம்.

நறுக்கிய மீனைப் பையில் போட்டு அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கையை அலசிக்கொண்டார். அவசரமே இல்லை.

“பாஞ்சு வருசமா உன்னாண்ட துணி குடுக்கறேன். எத்தினி தபா என்துத தள்ளிகிற?”

“எண்ணல சொர்ணம்மா.”

“நான் எண்ணிகிறேன், உடு. ஒரு தபாவாச்சும் என்ன கேட்டியா?”

“இல்ல.”

“இன்னிக்கு வந்து நின்னு கேட்ட. வோணாம்னா போறேன்னும் சொன்ன.” சொர்ணம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “எட்துக்கோ. எனக்குப் பழசு கீது. கண்ணாலப் பொண்ணு பழசு போட முடியுமா? ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கெழம நீயும் உன் வூட்டுக்காரம்மாவும் வந்து சாப்டணும். உங்களுக்குன்னு தனியா மீன் கொழம்பு வச்சிட்றேன்.”

“கண்டிப்பா ரெண்டு கையும் சரியா வைக்கச் சொல்லுங்கோ பாட்டி” என்றாள் வர்ஷினி. அழுகையும் சிரிப்புமாக இரண்டு இடது கைக் கதையை அங்கேயே சொன்னாள். மீன்காரப் பெண்கள் ஒரு வரிசையே சிரித்தது. பாஷாவும் சிரித்துத்தான் தீர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மேஜையில் அந்தச் சிவப்புப் பட்டு மட்டும் இருந்தது. பாஷா அதை இரண்டு தடவை மடித்துப் பார்த்து, மூன்றாவது தடவைதான் வெட்டினார். ‘வ’ எழுதினார், ‘இ’ எழுதினார். ஒன்றரைக்கு வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டார். திரும்பி வந்து கொக்கியைத் தன் கையாலேயே வைத்தார்.

சாயங்காலம் வர்ஷினி அம்மாவோடு வந்தாள். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“ரெண்டு கையையும் தூக்குடி” என்றார் அம்மா.

தூக்கினாள். தலைக்கு மேல் இரண்டு கையும் சேர்ந்து நின்றன. ஒரு சுருக்கம் இல்லை. வெள்ளைத்துரை டீ கிளாஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வர்ஷினி கையை இறக்காமலே ஒரு சுற்றுச் சுற்றினாள். பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.  அந்த அம்மாள் பையிலிருந்து தன் துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எப்ப தருவேள் பாய்?”

“பத்தொம்போதாந்தேதிம்மா.”

“நீங்க சொன்னா பத்தொம்போதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை பாஷாவும் அஃப்சருன்னிசாவும் குப்பத்துக்கு நடந்தே போனார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு போனதில் அரை மணி ஆயிற்று. பந்தலில் நிலா காதில் புதுத் தோட்டோடு அழுதுகொண்டிருந்தாள். சொர்ணம் பழைய மஞ்சள் ஜாக்கெட்டோடு ஓடியாடிப் பரிமாறிக்கொண்டிருந்தார். மீன் குழம்பை இலையில் ஊற்றுவதற்காக அவர் கையை நீட்டியபோது பாஷா பார்த்தார். தோளில் சுருக்கம். வலது கை அக்குளில் பிடித்து இழுக்கிறது. தையல் தன்னுடையதுதான், சந்தேகமே இல்லை.

“இது எப்ப தச்சது சொர்ணம்மா?”

“அது ஆச்சு எட்டு வருசம். ஒரு தீவாளிக்கு ஒரே மணி நேரத்துல தச்சிக் குட்த்தியே, மறந்துட்டியா? அன்னிக்கு நான் கூடக் கத்தினேன் பாய், அதான் குட்த்த. கை கொஞ்சம் புடிக்கும். பழகிடுச்சி.” அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பாஷாவுக்குக் குழம்பு இறங்கவில்லை. அஃப்சருன்னிசா அவர் முழங்கையை லேசாகத் தட்டி, “சாப்பிடுங்க, ஆறிடும்” என்றார். சாப்பிட்டார். சூடாக, புளிப்பும் காரமுமாக, நன்றாகவே இருந்தது.

பதினேழாம் தேதித் தாளில் சொர்ணத்தின் பெயருக்குக் கீழே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த வாரம் நாலு பேர் அதைக் கேட்டார்கள். பாஷா கொடுக்கவில்லை. அன்று முழுவதும் ஒரே ஜாக்கெட்டைத் தைத்தார். சாயங்காலம் மீன் கூடையை வெள்ளைத்துரையின் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போன சொர்ணம், புது ஜாக்கெட்டோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை. இப்படியும் அப்படியும் கையை ஆட்டிப் பார்த்தார்.

“ஷோக்கா கீது பாய்” என்றார். “புடிக்கவே இல்ல.”

பாஷா அந்தத் தாளைக் கிழித்தார். எப்போதும் போலக் கசக்கிக் கூடையில் போடாமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.